பூனை காட்டிய இடம்

"பூனைதான் மச்சான் எனக்குப் படிப்பிச்சது" என்றார் எனக்கு முன் சீட்டில் இருந்தவர். கல்முனை பஸ்ஸில் என் காது அங்கேயே ஒட்டிக்கொண்டது. அவர் பேக்கரியில் பாண் போடுகிறவர். பக்கத்திலிருந்தவர் அதே பாணைச் சைக்கிளில் விற்கிறவர்.

"மழைக் குளிருக்குப் பிசைஞ்ச மா பொங்கயில்ல. பூனை, பாண் சுடுற போறணைச் சுவரோட சூட்டுக்கு ஒட்டிப் படுத்துக் கிடந்த. மாத்தொட்டியையும் அங்க தள்ளினன். பொங்கிட்டு!"

"பேக்கரில மத்தவங்களுக்குக் காட்டினியா?"

"உனக்கென்ன விசரா? காட்டினா பிறகு நான் எதுக்கு? கதவைச் சாத்திக்கிட்டுத்தான் செய்யிற."

"அப்ப உன்ட பொஞ்சாதிக்குப் புள்ள கிடைக்கக்குள்ள என்ன செய்வ?"

பேக்கரிக்காரர் பஸ் யன்னலை இழுத்துச் சாத்தினார். வெளியே மழை விடவில்லை.

"அதான் பயம். இந்தக் கிழமையாம். நான் இல்லாட்டிப் பாண் கல்லாப் போயிரும், முதலாளி லீவு தரமாட்டார்."

"அப்ப காட்டு!"

"காட்டிட்டுப் போய்த் திரும்பி வரக்குள்ள என்ட இடத்தில வேற ஆள் நிண்டா?"

"அதுக்காக அவளைத் தனியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போறியா?"

"இல்ல மச்சான்... முதலாளி எல்லாருக்கும் முன்னால, 'இது இவன் கண்டுபிடிச்ச வேலை, லீவு முடிஞ்சு வந்ததும் இவன்தான் செய்வான்' எண்டு சொல்லட்டும். இண்டைக்கே காட்டுறன்."

"அதை அவர்ட்ட யார் கேக்கிற?"

"நீதான். நான் கேட்டா நாக்கு ஒட்டிக்கும்."

"சரி, வா. ஆனா நீயும் பக்கத்தில நிக்கணும்."

பேக்கரி வந்ததும் பஸ் மணியை அடித்துவிட்டு இருவரும் மழைக்குள் இறங்கினார்கள்.