கப்பி இல்லாத வில்

மொன்டானாவில் செப்டம்பர் காலைகள் அருமையானவை. காப்பி ஆறுவதற்குள் மலை வெளுத்துவிடும்.

நுனிகளில் கப்பி பூட்டிய நவீன வில்லை நான் விட்டுப் பல வருடங்களாகின்றன. முக்கால்வாசிப் பாரத்தைக் கப்பி தாங்கிக்கொள்ள, கண்ணாடிக்குள் புள்ளி பார்த்து விசையை அமுக்குவதுதான் வேட்டை என்றால், வாசலில் மணி அடிப்பவனும் வேட்டைக்காரன்தான். மரவில்லில் பார்வைக்குறி கிடையாது. பாரம் முழுக்க நம் விரலில். மானின் மூச்சு கேட்கும் தூரம்வரை போயாக வேண்டும். அதற்கு ஆண்மை வேண்டும்.

லைல் என் மனைவி நோரீனின் தம்பி, கப்பி வில்காரன். போன வருடம் நான் அடித்த எல்க் மான் வயிற்றில் அம்போடு ஓடிவிட்டது. அதைத் தேடிப் பிடித்து முடித்தவன் அவன்தான். அதோடு நிற்கவில்லை. மதுக்கடையில் எல்லோர் முன்னாலும், "மச்சான், பாவம்யா அந்த ஜீவன். அதோட வலியவிட உன் வீம்பு பெருசா? அந்தக் குச்சியத் தூக்கி அடுப்புல போடு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நோரீனும் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

இந்த வருடம் நானே அவனைக் கூப்பிட்டேன். மான்போலக் குழல் ஊதி ஆண் மானை வரவழைக்கச் சொல்லி, ஓடையோரப் புதருக்குள் முன்னால் அனுப்பினேன். அவன் சந்தோஷமாக ஊதிக்கொண்டிருந்தான். நாணை இழுத்தேன். விட்டேன். அம்பு அடிவயிற்றில் இறங்கியது.

"மச்சான், நான்தான்யா... அக்காவக் கூப்பிடு" என்றான்.

அடிபட்டதை உடனே நெருங்கக் கூடாது, மிரண்டு எழுந்து ஓடும். மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். சத்தம் அடங்கிய பிறகுதான் போனேன்.

உங்கள் ஷெரீஃப் நல்ல மனிதர். புதர் அசைந்ததை மான் என்று நினைத்திருப்பேன், இல்லாவிட்டால் அந்தப் பழைய வில்லில் குறி பிசகியிருக்கும் என்று அவரே சொல்லி, என்னை வீட்டுக்கு அனுப்பினார். அடக்கத்தன்று ஊரே என்னைக் கட்டிக்கொண்டு அழுதது. "உங்க மேல தப்பில்ல, அந்த வில்லுல யாரால குறி பாக்க முடியும்?" என்றாள் நோரீன்.

அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதனால் நானாகவே இந்த ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன்.

எழுதிக்கொள்ளுங்கள் சார். அது குறி பிசகிய அம்பு இல்லை. அவன் நெஞ்சைப் பார்த்துத்தான் விட்டேன்.