திருந்தி வருகிறவர்

போடியிலிருந்து போடிமெட்டு மலைக்கு ஏறும் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் கம்பியைப் பிடித்தபடி ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். வயது ஐம்பத்திரண்டு, பாவப் பட்டியலும் கொஞ்சம் நீளம். முன்சீட்டில் ஒரு விதவையும் அவர் நாத்தனாரும். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு எஸ்டேட்டுக்குத் திரும்புகிறார்கள்.

“செத்த பெறகு அவரு மனந்திரும்பிட்டா நான் என்ன செய்யிறது, மேரி?” என்றார் விதவை.

“நல்லதுதான மதினி? ஒருத்தர் விடாம எல்லாரையும் ஆண்டவரு கடைசில சேத்துக்குவாருன்னு சாமியாரே சொன்னாருல்ல. எங்கண்ணனும் மோட்சத்துக்கு வந்துரும்.”

“அதான் கேக்குறேன். அப்ப நான் எங்கிட்டுப் போறது?”

மேரி சிரித்தார். மதினி சிரிக்கவில்லை.

“ஏலக்காயத் திருடி வித்துக் குடிச்சிட்டு, கங்காணிகிட்ட என்னையக் கைகாட்டுனாரு. அம்புட்டுப் பேரு முன்னால மடிய ஒதறிக் காட்டுனேன்டி.”

அதுவரை பஸ் உருண்டுவிடுமோ என்று நடுங்கியவன், செத்து மேலே போனபின் என் வீட்டுக்காரியும் அங்கே வந்து என்ன சொல்வாளோ என்று நடுங்க ஆரம்பித்தேன்.

“அங்க திருந்தித்தான் வரும், மதினி. ஒங்க கால்ல விழுந்தாலும் விழும்.”

மதினி மெழுகுவத்திப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“திருந்துன மனுசன நான் ஒருநாளும் பாத்ததில்லையே, மேரி. வந்து நின்னா, யாரோன்னுல்ல நெனைப்பேன்.”