வாசனைக்காரன்

நாற்பத்தாறு வயதில் இன்னும் காமிக்ஸ் படிக்கிறேன், ஐயா. உங்களிடம் சொல்ல வெட்கமாக இருப்பது அது ஒன்றுதான். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெயர் கெங்கெஷ். பல் செட் செய்வது தொழில். நம் நரின் ஊரில் பாதிப் பேர் என் பற்களால்தான் சிரிக்கிறார்கள், என்னைப் பார்த்து அல்ல. கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் சத்தம் போடுவது குளிர்சாதனப் பெட்டி மட்டும், அதுவும் விட்டுவிட்டு.

'வாசனைக்காரன்' நம் ஊர்க் காமிக்ஸ். பெகிமாய் எழுதுகிறாள், அவள் தம்பி திலேக் வரைகிறான். செத்தவர்களுக்காக வியாழக்கிழமைதோறும் ரொட்டி பொரிக்கிறோம் இல்லையா, ரொட்டி நம் வயிற்றுக்கு, எண்ணெய் வாசனை அவர்களுக்கு. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு கல்லறையிலிருந்து எழுந்து வருகிறவன்தான் கதாநாயகன். சட்டியில் எண்ணெய் சூடாக இருக்கிற வரைக்கும்தான் அவனுக்குப் பலம். அதற்குள் அநியாயக்காரனைப் பிடித்தாக வேண்டும். முதல் இதழை ஒரே மூச்சில் படித்தேன். நான் செத்தால் ரொட்டி பொரிக்க ஆளில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பவும் முதலிலிருந்து படித்தேன்.

திலேக் வில்லனுக்கு மேல்வரிசையில் இரண்டுக்குப் பதில் நான்கு கோரைப்பல் வரைந்திருந்தான். தொழில்முறையில் என்னால் பொறுக்க முடியவில்லை. சொல்வதற்காக அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் அவர்களுடைய அப்பா எசென்.

"பல்லு எண்ண வந்தவனாடா நீ? உள்ள வா. என் வாயில எண்ணிப் பாரு, வேலை சீக்கிரம் முடிஞ்சிரும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழனும் அங்கேதான். கிழவருக்கு இலவசமாக ஒரு செட் செய்து கொடுத்தேன். "உனக்குப் பொண்ணு பாக்குறேன்டா. பல்லில்லாதவளாப் பாத்தா பொழப்புக்கும் ஆச்சு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வாரத்தில் நான் சிரிப்பது அந்த ஒரு நாள்தான்.

ஐந்தாம் இதழ் சுமார். இலையுதிர் காலத்தில் பெகிமாய் சொன்னாள்:

"அண்ணே, இதோட நிறுத்திக்கிறோம். பிஷ்கெக்ல விளம்பரக் கம்பெனியில ரெண்டு பேருக்கும் வேலை கெடச்சிருக்கு. பனி உருகினதும் அப்பாவையும் கூட்டிட்டுப் போயிருவோம்."

"அப்ப வாசனைக்காரன்?"

"அம்மா செத்த வருசம் அழுதுக்கிட்டே எழுதினதுண்ணே அது. இப்ப எல்லாரும் நல்லா இருக்கோம். கதை வரமாட்டேங்குது, என்ன பண்ணச் சொல்றீங்க?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் வீடு வரைக்கும் அதை யோசித்துக்கொண்டே நடந்தேன். தனக்கு என்ன வேண்டும் என்று ஒரு எழுத்தாளர் வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். ரசிகர்களில் பலர் கைதட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள்.

முற்றத்துக்கு அந்தப் பக்கம் சின்ன வீட்டில் எசென் தனியாக இருப்பார். ஜனவரியில் ஒரு மதியம் போனேன். செட் ஈறில் உரசுகிறது என்றார், ராவிக் கொடுத்தேன். "இனி கல்லையும் கடிப்பேன்டா" என்று சொல்லிவிட்டுச் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். அடுப்பில் கரி இன்னும் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. அது அடங்கிச் சிவந்த பிறகுதான் புகைக்குழாயின் தகட்டைத் தள்ளிக் குழாயை மூட வேண்டும். சூடு வீணாகிறதே என்று அதற்கு முன்பே தள்ளிவிடுவது நம் ஊர்க் கஞ்சத்தனம். விஷவாயு வீட்டுக்குள்ளேயே தங்கி, குளிர்காலம்தோறும் யாராவது தூக்கத்திலேயே சாகிறார்கள். நான் தள்ளினேன். போர்வை நழுவிக் கிடந்தது, இழுத்துப் போர்த்திவிட்டேன். கதவை மெல்லத்தான் சாத்தினேன், அவருக்குத் தூக்கம் சீக்கிரம் கலைந்துவிடும்.

எசெனின் சாவு வீட்டில், இடுப்பில் துணி கட்டி வாசலில் நின்று கதறும் ஆண்களின் வரிசையில், திலேக்குக்குப் பக்கத்தில் நானும் நின்றேன். அது ரத்த உறவுகள் நிற்கிற இடம். யாரும் என்னை விலகச் சொல்லவில்லை. என் அழுகையில் பொய் கிடையாது, ஐயா. அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நாற்பதாம் நாள் சாப்பாடு முடிந்ததும் பெகிமாய் புதிதாக எழுதியதைப் படித்துக் காட்டினாள். எழுந்து வந்த கிழவர் ஒருவர், அநியாயக்காரனை விட்டுவிட்டு வீடெல்லாம் தன் பல் செட்டைத் தேடுகிறார். அவள் இதுவரை எழுதியதில் இதுதான் சிறந்தது. நான் நினைத்தது சரியாகத்தான் இருந்தது.

ஆனால் திலேக் வரையவில்லை.

"காலைல அடுப்பு மூட்டினது நான்தாண்ணே. தகட்டையும் நான்தான் தள்ளியிருக்கணும். ஞாபகம் இல்ல. ஆனா வேற யாரு?"

சாப்பிடுவதில்லை. போன வாரம் தூரிகைகளை எல்லாம் அடுப்பில் போட்டுவிட்டான். அவ்வளவு நல்ல கதை, படமில்லாமல் கிடக்கிறது.

அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்: தகட்டைத் தள்ளியது நான், தெரிந்தேதான் தள்ளினேன். இன்றைக்கே அவனிடம் சொல்லிவிடுங்கள், மனசு லேசாகிவிடும், நாளைக்கே வரைய உட்கார்ந்துவிடுவான். பெகிமாய் கொஞ்சம் கோபப்படுவாள். அவள் கோபம் நீடிக்காது, எனக்குத் தெரியும்.

இந்த அறையில் இன்னும் இரண்டு நாற்காலி போட்டு வையுங்கள், ஐயா. என்னைப் பார்க்க வரும்போது அவர்கள் நிற்கக் கூடாது.