தொட்டுப் பார்த்தது மட்டும்

ம்வாபா: அப்புறம்?

கசோண்டே: அப்புறம் என்ன... கரியடுப்பை வெளியே வச்சு மூட்டினேன். தண்ணி சுட்டதும் மாபலோவைக் குளிப்பாட்டினேன். சோளக்கஞ்சி காய்ச்சி, கடலைப்பொடி போட்டுக் குடுத்தேன். குடிச்சா. பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வந்தேன்.

ம்வாபா: ஒண்ணை விட்டுட்டீங்க அத்தான்.

கசோண்டே: பல்லு தேய்ச்சேன்.

ம்வாபா: கஞ்சிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவுல. அக்காவோட வலைப்பூவுல எழுதியிருக்கீங்க. "இன்னிக்கு சலாவுலா பழந்துணி மூட்டை பிரிக்கும்போதே போயிட்டேன், பிள்ளைங்க ஸ்வெட்டர் நல்லா இருக்கு"ன்னு. செத்துப்போனவ சந்தைக்குப் போனாளா?

கசோண்டே: மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுல...

ம்வாபா: பக்கத்து வீட்டுக்காரங்க வந்து அழுதுட்டுப் போனவங்கதான். தெரியாதது அதைப் படிக்கிறவங்களுக்கு.

கசோண்டே: சோலா எழுதினதாவே இருக்கட்டுமே. இப்போ நீதானே சோலா. பெரியம்மாங்க உன்னைப் பாயில உட்கார வச்சு, வெள்ளைப் பாசிமணி கட்டி, அவ பேரை உனக்குக் குடுத்தாங்க. மாபலோ உன்னை அம்மாங்கிறா. பேரு சாகலை. இதுல பொய் எங்க இருக்கு?

ம்வாபா: பேரைத்தான் வாங்கினேன். உங்க பொய்யை வாங்கலை. உங்களையும் வாங்கலை.

கசோண்டே: உன்னை யாரு கேட்டா? உன் வாய்க்கு...

ம்வாபா: சிரிக்க வைக்காதீங்க அத்தான். இன்னிக்கு முடியாது. அந்த ஸ்வெட்டர் சேதி எங்க கிடைச்சுது?

கசோண்டே: கிட்வேயில ஒருத்தி எழுதறா. அவ எழுதினதுல ஊரை மாத்தினேன்.

ம்வாபா: அப்போ லுசாகாவுல அந்த ஸ்வெட்டரே இல்லை.

கசோண்டே: இருக்கலாம். நான் போய்ப் பார்க்கலை. அவ போனதுல இருந்து அந்தச் சந்தைப் பக்கம் போக முடியலை.

ம்வாபா: வலைப்பூ தலைப்புல என்ன எழுதியிருக்கு? "தொட்டுப் பார்த்தது மட்டும்." ஆரம்பிச்ச அன்னிக்கே அக்கா வச்சது. முதல்ல யாரும் படிக்கலை. மத்தவங்க மாதிரி நாலு இடத்துல பார்த்து எடுத்துப் போடுடின்னு நான்கூடச் சொன்னேன். "நான் கையை விட்டுத் துழாவாத மூட்டையைப் பத்தி ஒரு வரி எழுத மாட்டேன்"னா. வாங்குவா, துவைப்பா, உடுத்திப் பார்ப்பா. அப்புறம்தான் எழுதுவா.

கசோண்டே: தெரியும். துவைக்கத் தண்ணி தூக்கினது நான்.

ம்வாபா: சரி... நீலக் கம்பளி?

கசோண்டே: அதுக்கு என்ன?

ம்வாபா: நேத்து சந்தையில ஒரு பொம்பளை என் கையைப் பிடிச்சா. முடாலேவோட அம்மா. "நீ சோலாதானே"ன்னா. வலைப்பூ படத்துல இருக்கிற அக்கா முகம் அப்படியே எனக்கும் இருக்கில்ல. இல்லைன்னு சொல்ல வாய் வரலை. ஆமான்னேன்.

கசோண்டே: ஏன் சொன்னே?

ம்வாபா: பேரு என்கிட்டதானே இருக்கு. நீலக் கம்பளி ஒண்ணே போதும், ஜூன் குளிருக்குத் தாங்கும், ராத்திரி முழுக்கப் போர்த்திப் பார்த்தேன்னு படிச்சிருக்கா. பழைய கம்பளியைத் தங்கச்சிக்குக் குடுத்துட்டு இதை வாங்கியிருக்கா. முடாலே கைக்குழந்தை அத்தான். நெஞ்சுல சளி கட்டி ஆஸ்பத்திரியில கிடக்கு.

கசோண்டே: இப்போ எப்படி இருக்கு?

ம்வாபா: மூச்சு விடுது. அவ்வளவுதான் சொல்றாங்க. மாமியார் இவளைத் திட்டறா. கம்பளி நல்லதுதான், சோலாவே எழுதியிருக்கா, நீதான் தூக்கத்துல விலக்கிட்டேன்னு. தப்பு கம்பளியிலயா, தன்கிட்டயான்னு தெரியாம அவ தவிக்கிறா. என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. "நீ நிஜமா போர்த்திப் பார்த்தியா?"

கசோண்டே: அது சோலா எழுதி வச்சிருந்தது. நான் போட்டேன்.

ம்வாபா: மாபலோ மேல சத்தியம் பண்ணிச் சொல்லுங்க.

கசோண்டே: பிள்ளையை இழுக்காதே.

ம்வாபா: அக்கா போர்த்திப் பார்க்காம எழுதியிருந்தா, இந்த மணியை இப்பவே அறுத்துப் போட்டுடறேன். பெரியம்மாங்க என்ன வேணா சொல்லட்டும். அவ பொய் சொன்னாளா?

கசோண்டே: அவ பொய் சொல்லலை.

ம்வாபா: அப்போ கம்பளி சூடா இருந்துதா?

கசோண்டே: "நீலக் கம்பளி ஒண்ணு வாங்கியிருக்கேன், இன்னும் போர்த்திப் பார்க்கலை." அதுவரைக்கும் அவ எழுதினது. மீதி நான் எழுதினேன்.

ம்வாபா: போர்த்தாத கம்பளியையா...

கசோண்டே: போர்த்தினா. ஆஸ்பத்திரியில. வீட்டுல இருந்து தடியான கம்பளியைக் கொண்டு போனேன். அவதான் அது வேண்டாம், இதைக் கொண்டு வாங்கன்னா. படுத்த படுக்கையிலயும் அதைச் சோதிச்சுப் பார்க்கணும் அவளுக்கு.

ம்வாபா: "எழுதறதை விட்டுடாதீங்க"ன்னு கடைசியாச் சொன்னாளே. சாவு வீட்டுல எல்லார் முன்னாடியும் நீங்கதானே சொன்னீங்க? அதை நம்பித்தான் நானும் இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நீங்கதான் எழுதறீங்கன்னு முதல் நாளே தெரியும். தெரிஞ்சும் தினமும் படிச்சேன்... அக்கா குரல் மாதிரி இருந்துது.

கசோண்டே: அது அவ சொன்னது இல்லை.

ம்வாபா: பின்னே?

கசோண்டே: அந்த முடாலே அம்மா எங்க இருக்கா?

ம்வாபா: கேட்டுக்கு வெளியே. நான்தான் கூட்டிட்டு வந்தேன்.

கசோண்டே: உள்ள கூப்பிடு. என்னால ஒரு தடவைதான் சொல்ல முடியும்.

ம்வாபா: உள்ள வாங்கம்மா... இப்படி உட்காருங்க. நேத்து உங்ககிட்ட நான் சொன்னது பாதிதான். சோலா என் அக்கா. போயிட்டா. இவர் அவ புருஷன்.

முடாலேயின் தாய்: போயிட்டாங்களா? இன்னிக்குக் காலையிலகூட எழுதியிருந்தாங்களே...

கசோண்டே: எழுதினது நான். கம்பளி சூடா இருக்குன்னு எழுதினதும் நான்தான். அவ குளிர்லயே போனான்னு எழுத எனக்குக் கை வரலை. உங்க மேல தப்பு இல்லைம்மா. உங்க மாமியார்கிட்ட நானே வந்து சொல்றேன்.

ம்வாபா: அக்கா என்ன சொன்னா அத்தான்?

கசோண்டே: என் கையை இழுத்துக் கம்பளிக்குள்ள வச்சா. "தொட்டுப் பாருங்க, சில்லுன்னு இருக்கு. யாரும் வாங்க வேண்டாம்னு போட்டுடுங்க."