மருந்தின் மேல் பழி வேண்டாம்

இஞ்சியை நறுக்குவதற்கு முன் கழுவ வேண்டும். பலரும் நறுக்கிய பிறகு கழுவுகிறார்கள்; சாறு தண்ணீரோடு போய்விடுகிறது.

சார், வாக்குமூலத்தை மலையாளத்தில் எழுதலாம் என்றீர்கள். எனக்கும் அதுதான் எளிது. ஆனால் என் மாமியார் ஒச்சம்மாளுக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். "அவன் குடுத்த இஞ்சித் தண்ணிதான் எம்புள்ளையக் கொன்னுச்சு" என்று மட்டாஞ்சேரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அது தவறு. அதைத் திருத்தவே எழுதுகிறேன்.

என் மனைவி அமுதவள்ளிக்கு இருபத்தாறு வயது. பெருங்குடலில் புண். மூன்று வருடமாக ரத்தப்போக்கு. ஆஸ்பத்திரி மாத்திரைகளில் முகம் வீங்கி, கண்ணாடி பார்ப்பதையே விட்டிருந்தாள்.

நான் காக்கநாட்டில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். இஞ்சிச் சாற்றை இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றினால் சக்கை அடியில் தங்கும். இன்னும் வேகமாகச் சுழற்றினால் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழ்கள் பிரிந்து வரும். நானோ துகள்கள். அவற்றுக்குள் மஞ்சளின் சத்தை அடைத்தால், வயிற்று அமிலத்தில் கரையாமல் குடல்புண் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். எலிகளில் பார்த்துவிட்டோம். மனிதர்களுக்குக் கொடுக்க அனுமதி இல்லை. நான் வீட்டுக்குக் கொண்டுவந்து, தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். மாத்திரைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினேன்.

ஆறு வாரத்தில் ரத்தம் நின்றது. இங்கே பிராட்வே கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

"ஒம்பது மணி நேரம் நின்னேங்க. ஒரு தடவகூட கக்கூசுக்கு ஓடல" என்றாள் முதல் நாள். "கூட நிக்கிற அம்பிளி சேச்சி கேக்குது, எந்து மருந்தாடி, எனிக்கும் தா, தடி குறையுமோன்னு. சேச்சி ஒடம்புக்கு டம்ளர் பத்தாது, டேங்க் வேணும்னேன்."

அவள் சிரித்து வெகு நாளாகியிருந்தது. நோட்டில் குறித்துக்கொண்டேன்.

தெரிந்த ஒருவருக்குக் குணமானது என்று மட்டும் என் மேலதிகாரி ராமபத்ரனிடம் சொன்னேன்.

"இந்த சீக்கு தானே வரும், தானே போகும்டோ" என்றார் அவர். "மருந்து நிறுத்தினா திரும்ப வருதா? அது நோக்காம எந்து தெளிவு, எந்து ஆதாரம்?"

அவர் சொன்னது சரி.

பதினான்கு நாள் நிறுத்த முடிவு செய்தேன். அவளிடம் சொல்லவில்லை. தெரிந்தால் பயத்திலேயே வயிறு கலங்கும், முடிவு கெட்டுவிடும். கேட்டிருந்தால் சம்மதித்திருப்பாள். அதில் சந்தேகம் இல்லாததால் கேட்கவும் தேவை இருக்கவில்லை. துகள்களை நீக்கிய இஞ்சித் தண்ணீரில் நிறத்துக்குக் கொஞ்சம் மஞ்சள் கலந்தேன். அதே டம்ளர். அதே காலை ஏழு மணி.

ஐந்தாம் நாள் ரத்தம் வந்தது. நான் கணித்ததைவிட ஒரு நாள் முன்னதாக. எட்டாம் நாள் பதினொரு முறை போனாள். ஒன்பதாம் நாள் கடையில் இனி வர வேண்டாம் என்றார்கள்.

"ஏங்க, மருந்து கெட்டுப்போச்சா?"

"இல்ல. அதேதான்."

"அப்ப இன்னொரு டம்ளர் தாங்க."

கொடுத்தேன். அதே தண்ணீர். பதினைந்தாம் நாள் முதல் கொடுப்பதற்கான மருந்து தயாராக, ஃபிரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் இருந்தது.

பதினோராம் நாள் மாமியார் வந்தார். மசாலாக் கிடங்கில் இஞ்சி தரம் பிரிக்கிறவர். மகளின் மருந்துக்கென்று தானே பொறுக்கிய இரண்டு கிலோ கையில் இருந்தது.

"மாப்ள, புள்ள வெளுத்துக் கெடக்கா. கண்ணு சொருகுது. ஆட்டோ கூப்புடுங்க."

"மூணு நாள் பொறுங்க அத்தை."

"மூணு நாள்ல என்ன வந்துரும்?"

இஞ்சியை வாங்கி வைத்தேன்.

மறுநாள் காலை வயிறு உப்பிக் கல்லாகிவிட்டது. காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. அப்போது கொண்டுபோனோம். குடல் கிழிந்துவிட்டது என்றார்கள். மாலை நான்கு மணிக்கு இறந்தாள்.

புண்ணான குடல் நீளம் குறையும். எலிகளைக் கொன்றபின் அளவுகோலில் வைத்து அளப்போம். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரிடம் எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டேன். அவர் என் தோளில் கை வைத்தார். எண்ணைச் சொல்லவில்லை. நோட்டில் அந்தக் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அறிக்கை வந்திருந்தால் பார்த்துச் சொல்லுங்கள், சார்.

அத்தை, இனி உங்களுக்கு. என் மருந்து அவளைக் கொல்லவில்லை. அதைக் குடித்திருந்தால் பிழைத்திருப்பாள். இது எனக்கு ஐந்தாம் நாளே தெரியும். அந்தப் பன்னிரண்டு நாளும் அதில் ஒரு சொட்டுக்கூட நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.