பெருவிரலுக்கு ஒரு வலை

அனகா: கட்டு அவுத்தாச்சு மாமா. இனி பெருவிரலை நீங்களே மடக்கணும்.

ஜெயச்சந்திரன்: இத்தற நாளும் நீதானே பிள்ளே பிடிச்சு மடக்கின... இன்னைக்கும் நீயே...

அனகா: அது பிசியோதெரபி சிகிச்சை, இது பரீட்சை. மடங்கினாத்தான் ரப்பர் வெட்டுற கத்தியத் திரும்பப் பிடிக்க முடியும்.

பிரேமகுமாரி: மடக்குங்க. பெஞ்சாதி நான் கூட நிக்கியேன்லா.

ஜெயச்சந்திரன்: நீ நிக்கியதுதான் பிரேமா... கொஞ்சம் வெளிய போயி நில்லேன்.

பிரேமகுமாரி: பகவதிக்கு நான் நேந்த நேர்ச்சை வீணாவாது. நாப்பத்தொரு நாளாக்கும்! வீட்டுக்குள்ள ஒரு மீன்செதிலு கேறல்ல.

அனகா: மீனில்லாம சோறா! மாமாவும் சேர்ந்தா மாமி?

பிரேமகுமாரி: பின்ன? இவருக்க விரலுக்குத்தானே.

ஜெயச்சந்திரன்: ...கொஞ்சம் குடிக்க வெள்ளம் தாடீ.

அனகா: எதுக்கு இப்படி வேர்க்குது? உள்ள நல்லாப் பிடிச்சாச்சு மாமா. கத்தி அறுத்தது விரலை இழுக்கிற தசைநாண். டாக்டர் ரெண்டு முனையையும் தைச்சு, மேல ஒரு சின்ன வலையச் சுத்தி விட்டாரு. உங்க தசைநாண் அந்த வலையப் பிடிச்சு வளரும். வளர வளர வலை கரைஞ்சு போவும்.

ஜெயச்சந்திரன்: கரைஞ்சு போவுமா! எம்மாடீ... வேலையும் செய்துட்டு, பேரும் கேக்காம போவுமா? மனுசனுக்கே இல்லாத கொணமாக்கும்!

பிரேமகுமாரி: என்னத்தில பிள்ளே செய்யுவாவ அந்த வலைய?

அனகா: மீன்தோல்ல.

ஜெயச்சந்திரன்: மீனா!

அனகா: தோல்லேருந்து புரதத்த எடுத்து, சுத்தமாக்கி, நூலாக்கி நெய்யுறது. ஆப்பரேஷனுக்கு ஒப்பு வாங்கும்போ டாக்டர் வாசிச்சுக் காட்டினாரே. நீங்களும் தலையாட்டினீங்க.

ஜெயச்சந்திரன்: அந்நேரம் விரலு போச்சேண்ணுல்லா நெனப்பு... அப்போ, நேர்ச்சை தொடங்கின அன்னைக்கே எனக்க கைக்குள்ள மீன் கேறியாச்சு! பகவதிக்கு ஒரு கோவமும் இல்லியா?

பிரேமகுமாரி: இல்ல. நீங்க மடக்குங்க.

ஜெயச்சந்திரன்: இந்தா... இந்தா...

அனகா: பைய... பைய மாமா... இன்னும் கொஞ்சம்...

பிரேமகுமாரி: மடங்குது! எனக்கம்மோ, மடங்குது!

ஜெயச்சந்திரன்: மீனுக்கும் டாக்டருக்கும் கோடி புண்ணியம்! அளுவாதடீ... நீ அளுதா எனக்கு உள்ளதெல்லாம் வாயில வந்திரும்.

பிரேமகுமாரி: என்னது உள்ளது?

ஜெயச்சந்திரன்: அது... நம்ம மீன்காரி லூயிசா இல்லியா... தெனமும் உச்சைச் சோத்துக்கு அவ வீட்டில போயி சாளைக்கறி தின்னேன். நீ எனக்காட்டு வாயக் கெட்டி இருக்க, நான்... நேர்ச்சைய மொடக்கிப்போட்டேன், அதான் விரலு அனங்காதுண்ணு பயந்தேன். மன்னிச்சிரு பிரேமா. ஆனா ஒண்ணு, அந்தக் கறி! லூயிசாவுக்க கைக்குத் தங்கவளை போடணும்.

பிரேமகுமாரி: எனக்க கைக்குப் போடுங்க. காயம் ஆற மீன் தின்னணும்ணு டாக்டர் சொன்ன அன்னையிலேருந்து, லூயிசாவுக்க அடுக்களையில நின்னு அந்தக் கறிய வச்சது நானாக்கும். நேர்ச்சைக்காரி, ருசி பாக்க முடியாதுல்லா... சொல்லுங்க, உப்பு சரியா இருந்துதா?