மாமனாரின் கறுப்புக் கண்ணாடி

"எங்க மாமனாருக்குக் கண்ணு நல்லாயிருச்சு. தெருவுல யாருகிட்டயும் சொல்லிராத."

வில்பட்டியிலிருந்து கொடைக்கானல் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஊர் முழுக்க மெட்ராஸ் ஐ பரவியிருந்த சமயம். நோய் வந்து தேறியவர்கள், இன்னும் தேறாத முதியவர்களுக்கு முறை வைத்துத் துணையிருந்தார்கள்.

"தெரிஞ்சா யாரு வந்து உக்காருவா? அதான் அவரே கறுப்புக் கண்ணாடியக் கழட்ட மாட்டேங்காரு. 'நீ கொஞ்சம் வெளிக்காத்து வாங்கிட்டு வா தாயி'ங்காரு."

"தெருவுக்கே தெரியும்க்கா. நேத்து தாயம் ஆடுறப்ப எங்க மாமியா காயைத் திருட்டுத்தனமா நகட்டி வச்சுச்சு. கண்ணாடியோடவே கையப் பிடிச்சுட்டாரு."

"பெறகும் ஏன் முறை வச்சு வாறீங்க?"

"எங்க மாமியா இப்ப உங்க வீட்லதான துணைக்கு இருக்கு. இல்லாட்டி நான் எப்படிக்கா இந்த பஸ்ல ஏறுவேன்?"

சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண் சிவந்து நீர் வழிந்தது. கண்டக்டர் ஓரடி தள்ளி நின்றே கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்குத்தானம்மா?"

"ஏரிக்குப்பா," என்றாள் மூத்தவள். "படகுல ஏறணும்."